வெள்ளை அங்கிக்கு எத்தனை நிறம்?

உங்கள் கட்டை விரலின் நுனியிலிருந்து முதல் மடிப்பு வரை அளந்து பாருங்கள். ஏறக்குறைய 3 சென்டிமீட்டர் இருக்கும். அந்த உயரமே உள்ள ஒரு கிழவரைக் கற்பனை செய்துகொள்ளுங்கள். கையில் ஒரு கோல். மார்பு வரை தாடி. தோளிலிருந்து கணுக்கால் வரை மடிப்பு மடிப்பாகத் தொங்கும் மேலங்கி. மாயாஜாலக் கதையில் வரும் மந்திரவாதி ஒருவரின் சிற்றுருவம் இது. இவருடைய அங்கிக்கு வெள்ளை வண்ணம் பூச வேண்டும்.

‘இதில் என்ன கடினம்? வெள்ளை வண்ணத்தைத் தொட்டு அங்கி முழுவதும் பூசிவிட்டால் போயிற்று!’ என்று தோன்றுகிறது அல்லவா? இந்தக் கலையில் புதிதாக இறங்குபவர்களில் பலர் அப்படித்தான் தொடங்குகிறார்கள். பூசிக் காய்ந்தபின் பார்த்தால் கிழவர் சுண்ணாம்புக் கட்டியாக நிற்பார். சிற்பி பாடுபட்டுச் செதுக்கிய மடிப்புகள் எங்கே போயின என்றே தெரியாது. சரி, மடிப்புகளுக்குள் கொஞ்சம் கருஞ்சாம்பல் நிறம் பூசினால்? மடிப்புகள் தெரிகின்றன, ஆனால் அங்கி இப்போது வெள்ளையாக இல்லை, அழுக்காகத் தெரிகிறது!

சிவப்பு அங்கிக்கும் பச்சை அங்கிக்கும் இந்தத் தொல்லை இவ்வளவு இல்லை. வெள்ளைக்கு மட்டும் ஏன்? விடை தேடப் புறப்பட்டால் இயற்பியல், வேதியியல், கண்ணின் இயல்பு மூன்றையும் தொட்டுவிட்டுத்தான் திரும்ப வேண்டியிருக்கும். வாருங்கள், புறப்படுவோம்.

மேசைமேல் ஒரு போர்க்களம்

முதலில் இந்தச் சிற்றுருவங்கள் எதற்காக என்று தெரிந்துகொள்வோம். மேசையின் மேல் சிறு படைகளை நிறுத்தி, அளவுகோலால் தூரத்தை அளந்து நகர்த்தி, பகடை உருட்டி வெற்றி தோல்வியை முடிவு செய்யும் போர் விளையாட்டுகள் மேலை நாடுகளில் உண்டு. பிரஷ்ய நாட்டு இராணுவம் 1824-இல் தன் அதிகாரிகளுக்குப் பயிற்சி தர இத்தகைய விளையாட்டு ஒன்றை ஏற்றுக்கொண்டது. காலப் பொறியையும் செவ்வாய்க் கிரகப் படையெடுப்பையும் கற்பனை செய்த எழுத்தாளர் எச். ஜி. வெல்ஸ், பொம்மைச் சிப்பாய்களை வைத்து விளையாடுவதற்கான விதிகளை 1913-இல் ஒரு புத்தகமாகவே எழுதினார்.

1970-களில் இந்த மேசைகளின் மேல் சிப்பாய்களோடு மந்திரவாதிகளும் டிராகன்களும் நடமாடத் தொடங்கினர். 1983-இல் இங்கிலாந்தில் ‘வார்ஹாமர்’ என்னும் கற்பனைப் போர் விளையாட்டு வெளிவந்தது. நாட்டிங்காம் நகரைத் தலைமையிடமாகக் கொண்ட அதே நிறுவனம், டோல்கீன் எழுதிய ‘தி லார்ட் ஆஃப் தி ரிங்ஸ்’ கதையின் பாத்திரங்களை 2001 முதல் சிற்றுருவங்களாக வெளியிட்டது. அவற்றுள் வெள்ளை அங்கி அணிந்த மந்திரவாதிகளும் உண்டு. பொதுவாக இத்தகைய உருவங்கள் வண்ணம் பூசாமலே விற்கப்படுகின்றன. வாங்கியவரே வண்ணம் பூசிக்கொள்ள வேண்டும். ஆட்டத்தில் பாதி இன்பம் அதில்தான் என்று சொல்பவர்கள் ஏராளம்.

வெள்ளை என்பது என்ன?

கண்ணாடிக்கு நிறமில்லை. ஆனால் அதை நொறுக்கிப் பொடியாக்கினால்? வெள்ளை! கண்ணாடியை நொறுக்குவது ஆபத்து. அதற்குப் பதிலாகச் சமையலறையிலிருந்து தெளிந்த கற்கண்டு ஒன்றை எடுத்துப் பொடி செய்து பாருங்கள். ஒளி புகும் கற்கண்டு வெண்ணிறத் தூளாக மாறிவிடும். நிறமில்லாத பொருளுக்கு வெள்ளை நிறம் எங்கிருந்து வந்தது?

ஒளி ஓர் ஊடகத்திலிருந்து வேறோர் ஊடகத்துக்குச் செல்லும்போது எல்லையில் ஒரு சிறு பகுதி திரும்பி வருகிறது. பெரிய கற்கண்டில் எல்லைகள் சில. பொடியிலோ ஆயிரமாயிரம். ஒவ்வொரு துகளும் சிறிது ஒளியைத் திருப்ப, உள்ளே சென்ற ஒளியில் பெரும்பகுதி பல திசைகளிலும் சிதறி வெளியே வந்துவிடுகிறது. எல்லா நிறக் கதிர்களும் சம அளவில் சிதறுவதால் அது வெள்ளையாகத் தெரிகிறது. ஆக, வெள்ளை என்பது ஒரு சாயம் அன்று; அது ஒளியைச் சிதறடிக்கும் ஒரு செயல்.

எவ்வளவு ஒளி திரும்பும் என்பது இரு ஊடகங்களின் ஒளிவிலகல் எண்களுக்கு இடையே உள்ள வேறுபாட்டைப் பொறுத்தது. காற்றுக்கு 1, நீருக்கு 1.33, சாக்குக் கட்டிக்கும் சுவரில் காய்ந்த சுண்ணாம்புக்கும் ஏறக்குறைய 1.6. கணக்கு எளிதாக இருக்க, சமதளமான எல்லையில் ஒளி செங்குத்தாக விழுவதாக வைத்துக்கொள்வோம். காற்றுக்கும் சுண்ணாம்புக்கும் இடையில் சுமார் 5 சதவீதம் ஒளி திரும்பும். நீருக்கும் சுண்ணாம்புக்கும் இடையிலோ 1 சதவீதத்துக்கும் குறைவு. வெள்ளை அடித்த சுவர் ஈரமாக இருக்கும்போது மங்கலாகவும் காய்ந்தபின் பளிச்சென்றும் தெரிவதற்கு இதுவே காரணம்.

சிற்றுருவங்களுக்குப் பூசுவது அக்ரிலிக் வண்ணம். அதில் வண்ணத் துகள்களைப் பிடித்து வைத்திருக்கும் பிசினின் ஒளிவிலகல் எண் ஏறக்குறைய 1.5. சுண்ணாம்பை அதில் கலந்தால் எல்லையில் திரும்பும் ஒளி 0.1 சதவீதம்தான்; வெள்ளையே தெரியாது. எனவே ஒளிவிலகல் எண் மிக அதிகமாக உள்ள ஒரு நிறமி தேவை. அதுதான் டைட்டானியம் டை ஆக்சைடு. அதன் ரூட்டைல் என்னும் படிக வகையின் ஒளிவிலகல் எண் சுமார் 2.7. பிசினுக்கும் இதற்கும் இடையிலான எல்லையில் 8 சதவீதம் ஒளி திரும்புகிறது. சுண்ணாம்பைப் போல் 80 மடங்கு!

துகளின் பருமனும் முக்கியம். கண்ணுக்குத் தெரியும் ஒளியின் அலைநீளத்தில் ஏறக்குறைய பாதி, அதாவது ஒரு மில்லிமீட்டரில் நாலாயிரத்தில் ஒரு பங்கு பருமன் இருக்கும்போது சிதறல் மிகுதியாக இருக்கிறது. வண்ணத் தொழிற்சாலைகள் துகள்களை அந்த அளவுக்கே தயாரிக்கின்றன.

இந்த நிறமி வணிக அளவில் உற்பத்தியாகத் தொடங்கியது 1916-ஐ ஒட்டிய ஆண்டுகளில்தான். அதன் மூலப்பொருள்களுள் ஒன்று இல்மனைட் என்னும் கருமணல். குமரி மாவட்டத்து மணவாளக்குறிச்சிக் கடற்கரையில் அள்ளப்படும் மணலில் அது உண்டு. இவ்வளவு வெண்மையான வண்ணம் கருமணலிலிருந்து பிறக்கிறது என்பது வேடிக்கை அல்லவா?

அதற்கு முன் பல நூற்றாண்டுகள் ஓவியர்கள் நம்பியிருந்த வெள்ளை, காரீயக் கார்பனேட். அது நச்சுப் பொருள். அதைத் தயாரித்தவர்களும் பூசியவர்களும் வயிற்று வலி, கைகால் செயலிழப்பு முதலிய நோய்களுக்கு ஆளாயினர். சர்வதேசத் தொழிலாளர் அமைப்பு 1921-இல் கட்டடங்களின் உட்புறத்தில் ஈய வெள்ளை பூசுவதைத் தடுக்க ஓர் உடன்படிக்கையையே கொண்டுவந்தது. நாம் இன்று அச்சமின்றித் தொடும் ஒரு குப்பி வெள்ளை வண்ணத்துக்குப் பின்னால் இப்படி ஒரு கதை இருக்கிறது.

வெள்ளைத் துணியைப் பார்த்திருக்கிறீர்களா?

‘தினமும் பார்க்கிறோமே!’ என்பீர்கள். பார்க்கலாம். இதோ ஒரு சோதனை.

ஒரு வெள்ளைக் கைக்குட்டையை ஓர் ஆணியில் மாட்டி, மடிப்புகளோடு தொங்கவிடுங்கள். ஒரு பக்கம் சன்னல் இருக்கட்டும். அறையில் வேறு விளக்கு வேண்டாம். இப்போது ஒரு கறுப்புக் காகிதத்தில் மிளகு அளவு துளை ஒன்று செய்யுங்கள். ஒரு கண்ணை மூடிக்கொண்டு, காகிதத்தைக் கையெட்டும் தூரத்தில் பிடித்து, துளை வழியாகத் துணியின் ஒரு சிறு பகுதியை மட்டும் பாருங்கள். துளையை மெல்ல நகர்த்துங்கள். சன்னலை நோக்கிய முகட்டில் வெள்ளை தெரியும். சற்று நகர்த்தினால் வெளிர் சாம்பல். மடிப்பின் பள்ளத்தில் நல்ல சாம்பல். சில இடங்களில் நீலச் சாயல். பக்கத்தில் மஞ்சள் சுவரோ செந்நிறத் தரையோ இருந்தால் அதன் சாயலும் துணியில் படிந்திருக்கும். காகிதத்தை எடுத்துவிட்டுப் பாருங்கள்: பழையபடி முழுத் துணியும் ‘வெள்ளை’!

இதை நிகழ்த்துவது நம் மூளை. பொருளின் மேல் விழும் வெளிச்சம் கூடினாலும் குறைந்தாலும் பொருளின் நிறத்தை அது மாற்றிச் சொல்வதில்லை. உச்சி வெயிலில் ஒளிச் செறிவு சுமார் 1,00,000 லக்ஸ். வீட்டு அறையில் சுமார் 300 லக்ஸ். கரித்துண்டு தன்மேல் விழும் ஒளியில் 4 சதவீதத்தையும், வெள்ளைத் தாள் 80 சதவீதத்தையும் திருப்பி அனுப்புவதாகக் கொள்வோம். வெயிலில் கிடக்கும் கரி நம் கண்ணுக்கு அனுப்புவது 4,000 பங்கு ஒளி. அறையில் உள்ள தாள் அனுப்புவது 240 பங்குதான். ஆனாலும் கரியைக் கறுப்பு என்றும் தாளை வெள்ளை என்றும் சரியாகச் சொல்லிவிடுகிறோம்! வாழ்க்கைக்கு மிகவும் பயன்படும் திறமை இது. ஆனால் வண்ணம் பூசுபவருக்கு இதுவே தடை. அவர் அறிந்திருப்பதைப் பூசுகிறார்; காண்பதைப் பூசுவதில்லை.

நிழலில் நீலச் சாயல் எப்படி வந்தது? திறந்த வெளியில் சூரியனின் நேர் ஒளி படாத இடங்களுக்கும் வானத்தின் ஒளி கிடைக்கிறது. வானம் நீலம், எனவே நிழலும் நீலம் கலந்தது. பிரெஞ்சு ஓவியர் கிளாட் மோனே 1868–69 குளிர்காலத்தில், பனி மூடிய வேலியின் மேல் ஒரு பறவை அமர்ந்திருப்பதை வரைந்தார். அந்தப் படத்தில் வெண்பனியின் மேல் விழும் நிழல்கள் நீலமாகவே இருக்கின்றன.

இன்னொரு செய்தியும் உண்டு. கறுப்புத் துணியின் மடிப்புக்குள் நுழைந்த ஒளியில் 5 சதவீதம் எதிரொளிக்கும். அது எதிர்ச் சுவரில் பட்டு மறுபடி எதிரொளித்தால் எஞ்சுவது 0.25 சதவீதம், அத்தோடு அணைந்தது. வெள்ளைத் துணியிலோ முதல் எதிரொளிப்பில் 80, இரண்டாவதில் 64, மூன்றாவதில் 51 சதவீதம் ஒளி எஞ்சியிருக்கிறது. ஆகவே வெள்ளைத் துணியின் மடிப்பு தன் நிழலைத் தானே ஒளியால் நிரப்பிக்கொள்கிறது. வெள்ளையின் நிழல்கள் மென்மையானவை. அதில் கருஞ்சாம்பலைப் பூசினால் கண் அதை நிழல் என்று ஏற்றுக்கொள்ளாமல் அழுக்கு என்று தள்ளிவிடுவது இதனால்தான்.

உருவம் சிறுத்தால் நிழல் என்னவாகும்?

இங்கே புத்திசாலி மாணவர் ஒருவர் கேட்கக் கூடும்: ‘உண்மையான அங்கியின் மடிப்பில் நிழல் தானாக விழுகிறதே. சிற்றுருவத்தின் மடிப்பிலும் தானாக விழாதா? நாம் ஏன் பூச வேண்டும்?’

நல்ல கேள்வி. உருவம் 60 மடங்கு சிறுத்தால் மடிப்பும் நிழலும் அதே விகிதத்தில்தான் சிறுக்க வேண்டும். வடிவியல் அப்படித்தான் சொல்கிறது. ஆனால் நடைமுறையில் நான்கு தடைகள் குறுக்கிடுகின்றன.

முதல் தடை அச்சு. உலோக உருவங்களைச் செய்யும்போது, உருக்கிய உலோகத்தைச் சுழலும் ரப்பர் அச்சுக்குள் ஊற்றுகிறார்கள். பிளாஸ்டிக் உருவங்களுக்கு எஃகு அச்சு. வார்த்தபின் உருவம் அச்சிலிருந்து கழன்று வர வேண்டும். உள்நோக்கி வளைந்த ஆழமான குழி இருந்தால் அது எஃகு அச்சில் மாட்டிக்கொள்ளும். எனவே மடிப்புகளைத் துணியில் இருப்பதைவிட ஆழம் குறைத்தே செதுக்குகிறார்கள்.

இரண்டாவது தடை வண்ணமே. 168 சென்டிமீட்டர் மனிதர் 28 மில்லிமீட்டராகச் சிறுத்திருக்கிறார். அதாவது 60-இல் ஒரு பங்கு. ஒரு பூச்சு 0.05 மில்லிமீட்டர் தடிப்பு என்று வைத்துக்கொள்ளுங்கள். நான்கு பூச்சுக்கு 0.2 மில்லிமீட்டர். அதை 60-ஆல் பெருக்குங்கள். மனித அளவில் 12 மில்லிமீட்டர்! அங்கியின் மேல் ஏறக்குறைய ஒன்றேகால் சென்டிமீட்டர் சாந்து பூசியதற்குச் சமம். மடிப்பு மறையாமல் என்ன செய்யும்?

மூன்றாவது தடை வெளிச்சம். மந்திரவாதி கதையில் திறந்த வெளியில், சூரியனின் கீழ் நிற்கிறார். மேசையில் நிற்கும் அவர் உருவத்துக்கோ கூரை, சுவர், மேசைப் பரப்பு என்று நாலாபுறமிருந்தும் ஒளி வருகிறது. நிழல் கரைந்துவிடுகிறது.

நான்காவது தடை நம் கண். நல்ல கண் ஒரு பாகையில் 60-இல் ஒரு பங்குக் கோணம் வரையே பிரித்தறியும். 30 சென்டிமீட்டர் தூரத்தில் இது ஏறக்குறைய 0.09 மில்லிமீட்டர். மடிப்பின் மெல்லிய நிழல் விளிம்புகள் இந்த அளவை நெருங்கிவிடுகின்றன. மேசையின் மறுபக்கத்திலிருந்து பார்ப்பவருக்கு அவை இல்லவே இல்லை.

எனவே இழந்த நிழலை நாம்தான் திருப்பிக் கொடுக்க வேண்டும். சிவப்பு அங்கியில் இது எளிது. நடுத்தரச் சிவப்பைப் பூசி, பள்ளத்தில் கருஞ்சிவப்பும் முகட்டில் இளஞ்சிவப்பும் வைக்கலாம். கீழே இறங்கவும் படி உண்டு; மேலே ஏறவும் படி உண்டு. வெள்ளையோ ஏணியின் கடைசிப் படி. அங்கி முழுவதும் அந்தப் படியில் நின்றுவிட்டால் மேலே ஏற இடமில்லை. புதியவர் செய்யும் பிழை இதுதான். வெள்ளை அங்கி வேண்டுமானால் அதன் பெரும்பகுதிக்கு வெள்ளை பூசக் கூடாது!

பூசும் முறை

ஒன்று. உருவத்தைச் சோப்பு நீரில் கழுவி நன்றாக உலர்த்துங்கள். அச்சிலிருந்து எளிதில் கழற்றத் தடவிய பொருள் ஒட்டியிருந்தால் வண்ணம் பிடிக்காது.

இரண்டு. வெளிர் சாம்பல் நிறத்தில் அடிப்பூச்சு மெல்லியதாகப் பூசுங்கள். கறுப்பு அடிப்பூச்சு வேண்டாம். கறுப்பு, தன்னை வந்தடையும் ஒளியை விழுங்கிவிடும், அதை மறைக்கப் பல பூச்சு வெள்ளை தேவைப்படும், மடிப்புகள் தூர்ந்துவிடும்.

மூன்று. அது காய்ந்ததும் உருவத்தை இருட்டறையில் வைத்து, மேலே ஒரு பக்கமாக ஒரே ஒரு விளக்கை ஏற்றிப் பாருங்கள். ஒளி எங்கே விழுகிறது, நிழல் எங்கே தங்குகிறது என்று ஒரு தாளில் வரைந்துகொள்ளுங்கள். இதுவே உங்கள் வரைபடம். இனி எல்லாப் பூச்சுக்கும் சூரியன் அந்த இடத்தில்தான்.

நான்கு. வெள்ளையில் மிகச் சிறிதளவு சாம்பல் கலந்து, பால் பதத்துக்கு நீர்க்கச் செய்து, அங்கி முழுவதும் பூசுங்கள். ஒரு தடித்த பூச்சைவிட இரண்டு மெல்லிய பூச்சு நல்லது. முதல் பூச்சு திட்டுத்திட்டாகத் தெரிந்தால் கலங்க வேண்டாம். அக்ரிலிக் வண்ணத்தில் நீர் ஆவியானதும் பிசின் துகள்கள் ஒன்றோடொன்று இணைந்து ஒரு படலமாகின்றன. அந்தப் படலம் மறுபடி நீரில் கரைவதில்லை. அதனால் காய்ந்த பூச்சின் மேல் அடுத்ததைத் துணிந்து பூசலாம். பாதி காய்ந்திருக்கும்போது தூரிகையை வைத்தால் படலம் கிழிந்து பொருக்குத் தட்டும். பொறுமைதான் இங்கே முக்கியக் கருவி.

ஐந்து. இனி நிழல். சாம்பலில் சிறிது நீலம் கலந்து நன்றாக நீர்க்கச் செய்து, மடிப்பின் பள்ளத்தில் மட்டும் தூரிகை நுனியால் தொட்டு வையுங்கள். குறுகிய பள்ளத்துக்குள் நீர் தானாக ஓடும். தரையில் சிந்திய தண்ணீர் ஓடுகளின் இடுக்கில் ஓடிப் புகுவதைப் பார்த்திருப்பீர்கள். அதே நுண்புழைக் கவர்ச்சிதான். பாதி வேலையை இயற்கையே செய்துவிடும்.

ஆனால் இங்கே ஒரு பொறி இருக்கிறது. நீர்த்த வண்ணம் சமதளமான பகுதியில் தேங்கினால், காய்ந்தபின் விளிம்பில் கரைகட்டிய கறை தெரியும். சிந்திய காப்பி காய்ந்தால் நடுவில் வெளிறி, ஓரத்தில் கருவளையம் விழுகிறதே, அதே கதை. துளியின் ஓரத்தில் நீர் விரைவாக ஆவியாகிறது. அந்த இழப்பை ஈடுகட்ட நடுவிலிருந்து நீர் ஓரத்துக்கு ஓடுகிறது. ஓடும் நீர் துகள்களையும் சுமந்து சென்று அங்கே குவிக்கிறது. அன்றாடம் காணும் இந்தக் கறைக்குச் சிகாகோ பல்கலைக்கழக ஆய்வாளர்கள் இந்த விளக்கத்தை 1997-இல்தான் வெளியிட்டார்கள்! வேறு நிற அங்கியில் இந்த வளையம் மறைந்துவிடலாம். வெள்ளையில் மறையவே மறையாது. எனவே மிகுதியாக உள்ள வண்ணத்தை, காய்வதற்கு முன்பே, கழுவித் துடைத்த ஈரத் தூரிகையால் உறிஞ்சி எடுத்துவிடுங்கள்.

ஆறு. முதலில் பூசிய வெளிர் நிறத்தில் மேலும் வெள்ளை சேர்த்து, பள்ளங்களை விட்டுவிட்டு, மேடான பகுதிகளில் பூசுங்கள். அடுத்த முறை இன்னும் கொஞ்சம் வெள்ளை. இன்னும் குறைந்த பரப்பு. இப்படி மூன்று நான்கு படிகள். ஒவ்வொரு படியும் முந்தையதைவிட மிகச் சிறிதளவே வெளுத்திருக்க வேண்டும்.

ஏழு. கடைசியாகக் கலப்பில்லாத வெள்ளை. தோளின் மேல்முகம், ஒளியை நோக்கிய மடிப்பு முகடுகள், அங்கியின் விளிம்பு ஆகிய இடங்களில் மட்டும் மயிரிழைபோல. குப்பியிலுள்ள வெள்ளை அங்கியின் பரப்பில் பத்தில் ஒரு பங்கைக்கூடத் தொட வேண்டாம். ஆனால் தள்ளி வைத்துப் பாருங்கள். முழு அங்கியும் வெள்ளை!

அண்டை நிறத்தின் வேலை

பாரிஸ் நகரில் கோபலின் என்னும் திரைச்சீலை நெசவாலையில் சாயப் பிரிவின் தலைவராக 1824-இல் அமர்ந்தவர் செவ்ரல் என்னும் வேதியியலார். கறுப்பு நூல் போதிய கருமையாக இல்லை என்று அவரிடம் குறை வந்தது. சோதித்தார். சாயத்தில் குறையில்லை, பக்கத்தில் நெய்திருந்த நிறமே கறுப்பை மங்கலாகக் காட்டியது என்று கண்டார். அடுத்தடுத்த நிறங்கள் ஒன்றையொன்று எதிர்ப்பக்கம் தள்ளுகின்றன என்னும் இந்த விதியை 1839-இல் விரிவான நூலாக வெளியிட்டார்.

நீங்களும் சோதிக்கலாம். செய்தித்தாளின் அச்சிடாத ஓரத்தைப் பாருங்கள், வெள்ளை என்பீர்கள். அதன் மேல் புதிய நோட்டுப் புத்தகத் தாளை வையுங்கள். உடனே செய்தித்தாள் பழுப்பாகிவிடும்! வெள்ளை என்பது, கண் முன்னே உள்ளவற்றுள் எது மிக வெளிச்சமானதோ அதற்குக் கிடைக்கும் பட்டம்.

நம் மந்திரவாதிக்கு இது எப்படி உதவும்? கறுப்பு அரைக்கச்சை, கரும்பழுப்புக் கோல், அங்கியின் உட்புறத்தில் அடர்ந்த நிறம் என்று வைத்தால் அங்கி தானாக வெளுக்கும். தாடியையும் அதே வெள்ளையில் பூசிவிடாதீர்கள். ஒன்றை நீலச் சாயலிலும் மற்றதை மஞ்சள் சாயலிலும் வையுங்கள். இரண்டும் பிரிந்து தெரியும். வெளுத்த வேட்டிக்கு நீலம் போடுவதை நினைத்துப் பாருங்கள். பழுப்பேறிய துணி நீல ஒளியை விழுங்குகிறது. சேர்த்த நீலம் மஞ்சள் ஒளியைக் குறைக்கிறது. மொத்தத்தில் துணி அனுப்பும் ஒளி குறையத்தான் செய்கிறது. ஆனாலும் கண் அதை முன்னைவிட வெண்மையானது என்கிறது! நீலச் சாயலுள்ள அங்கி புதிதாக, குளிர்ச்சியாகத் தெரியும். பழுப்புச் சாயலுள்ளது நெடும்பயணம் செய்த கம்பளியாகத் தெரியும். எது வேண்டும் என்பது உங்கள் கிழவரின் கதையைப் பொறுத்தது.

மஞ்சள் நிறக் குண்டு விளக்கின் கீழ் வண்ணம் கலக்காதீர்கள். அங்கே சரியாகத் தெரிந்த வெள்ளை காலையில் வேறாகத் தெரியும். பகல் வெளிச்சமே நல்லது.

சில எச்சரிக்கைகள்

தூரிகையின் முனையைக் கூராக்க அதை வாயில் வைக்கும் பழக்கம் சிற்றுருவம் பூசுபவர்களிடம் உண்டு. வேண்டவே வேண்டாம். 1917-ஐ ஒட்டிய ஆண்டுகளிலும் அதன் பின்னரும் அமெரிக்காவில், ஒளிரும் கடிகார முகப்புகளுக்கு ரேடியம் கலந்த வண்ணம் பூசிய இளம்பெண்கள் இப்படிச் செய்தே கொடிய நோய்க்கு ஆளாயினர். இன்றைய வண்ணங்களில் ரேடியம் இல்லை. ஆனால் அவை உண்பதற்கானவையும் அல்ல. டைட்டானியம் டை ஆக்சைடை உணவில் சேர்ப்பதை ஐரோப்பிய ஒன்றியம் 2022-இல் தடை செய்தது. ஈரத் துணியில் தூரிகையை உருட்டினாலே முனை கூராகும். 1990-களுக்கு முற்பட்ட உலோக உருவங்களில் காரீயம் கலந்திருக்கக் கூடும். அவற்றை அரம் கொண்டு தேய்த்துத் தூளைச் சுவாசிக்கக் கூடாது. தொட்டபின் கையைக் கழுவ வேண்டும்.

விலை கொடுத்து உருவம் வாங்கினால்தான் முடியும் என்றில்லை. களிமண்ணில் விரல் அளவுப் பொம்மை ஒன்று பிடித்து, அங்கிக்கு நாலைந்து மடிப்பு கீறி, காயவைத்துப் பூசிப் பாருங்கள். இரண்டு பொம்மை செய்யுங்கள். ஒன்றுக்கு வெறும் வெள்ளை. மற்றதற்கு இங்கே சொன்ன முறை. இரண்டையும் பக்கத்தில் வைத்தால் இந்தக் கட்டுரை சொல்ல வந்தது முழுவதும் ஒரு நொடியில் விளங்கிவிடும்.

டோல்கீனின் கதையில் 1954-இல் வெளிவந்த முதல் பகுதியில் சாருமான் என்றொரு மந்திரவாதி வருகிறான். அவனுக்கு வெள்ளையன் என்றே பட்டம். வெள்ளையாகத் தெரிந்த அவனுடைய அங்கி, கூர்ந்து நோக்கினால் பல நிற இழைகளால் நெய்யப்பட்டது. அவன் அசையும்போதெல்லாம் நிறம் மாறியது. கதையில் அது அவன் வழி தவறியதன் அடையாளம். ஆனால் வெள்ளொளிக்குள் எல்லா நிறங்களும் அடங்கியிருப்பதை நியூட்டன் முப்பட்டகத்தால் பிரித்துக் காட்டி 1672-இலேயே வெளியிட்டுவிட்டார். உங்கள் வீட்டுக் கொடியில் காயும் துணியும் அப்படித்தான். வானத்தின் நீலம், சுவரின் மஞ்சள், தரையின் செம்மை எல்லாம் அதில் உண்டு. ஒரு துளையிட்ட கறுப்புக் காகிதம் போதும். நாளைக் காலையில் போய்ப் பாருங்கள்.

சிந்தித்து விடை காணுங்கள்

1. உருவத்தின் உயரம் 56 மில்லிமீட்டராக இருந்தால், 0.2 மில்லிமீட்டர் வண்ணம் மனித அளவில் எவ்வளவு தடிப்பாகும்?

2. மழையில் நனைந்த வெள்ளைச் சட்டையின் வழியே தோல் தெரிவது ஏன்?

3. சிவப்புத் துணியின் மடிப்புக்குள் ஒளி இரண்டு மூன்று முறை எதிரொளித்தால், அங்கே நிறம் அடர்த்தியாகுமா, வெளிறுமா?

4. பசும்புல் தரையில் நிற்கும் வெள்ளை அங்கியின் கீழ் விளிம்பில் எந்த நிறச் சாயலைச் சேர்ப்பீர்கள்?